கல்யாண வீட்டு வாழைமரமும் எங்கள் அடுக்ககத் தோட்டமும்

வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆறாவது மாதம், எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். "கணக்கு தெரிஞ்சவங்க, வீட்ல சும்மாதானே இருக்கீங்க" என்பதுதான் தகுதி. சென்னை ஓஎம்ஆர் சாலையில் பெரும்பாக்கம் பக்கம், 84 வீடு. கீழே கார் நிறுத்தும் தளம். அதன் கூரைமேல் நாலாயிரம் சதுர அடி இடம், பில்டர் போட்டுவிட்டுப் போன புல் காய்ந்து கிடந்தது. அதைத் தோட்டமாக்க வேண்டும் என்று 2022 ஜனவரி பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். அந்தத் தீர்மானம் என்னை இரண்டரை வருடம் தூங்க விடவில்லை. சங்கத்துப் பணம் 12 லட்சத்து 21 ஆயிரம் வீணானது, கணக்கு என்னிடம் பைசா சுத்தமாக இருக்கிறது. கமிட்டியில் என்னோடு இருந்த நாலு பேரும் ஒவ்வொருவராக விலகிக்கொள்ள, கடைசியில் வாட்ஸப் குழுவில் திட்டு வாங்க நான் மட்டும்தான் மிச்சம். யாராவது முன்னாடியே ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன். அந்த ரெண்டு வார்த்தையைத்தான் இப்போது நான் சொல்கிறேன்.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். இரண்டு பேர் நர்சரி வைத்துத் தோட்டம் போட்டுத் தருபவர்கள், 14 லட்சம், 16 லட்சம் என்றார்கள். மூன்றாவது ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் நிறுவனம், 22 லட்சத்து 40 ஆயிரம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மூன்றாமவரைத்தான் எடுத்தோம். காரணம் அவர்கள் கொடுத்த 40 பக்கப் புத்தகம். வழவழ தாள், ஒன்பது விருதுகள், ஐடி பார்க், ரிசார்ட், ஆஸ்பத்திரி என்று படம் படமாக. அதையெல்லாம் விட என்னைச் சாய்த்தது கடைசி நாலு பக்கம். 'சமூகப் பங்களிப்பு' என்று தலைப்பு. ஏரிக்கரையில் குப்பை பொறுக்குகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு மரக்கன்று நடுகிறார்கள். காசு வாங்காமல் ஊருக்கு மரம் நடுகிறவர்கள் நம்மை ஏமாற்றவா போகிறார்கள் என்று நினைத்தேன். 31 வருடம் கடன் விண்ணப்பங்களைச் சல்லடை போட்டுச் சலித்தவள் நான். ஒரு போட்டோவைப் பார்த்து விழுந்தேன்.

இப்போது யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். விருதுப் பட்டியலைப் பார்த்தால் மயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தோட்டத்துக்குக் கொடுத்த விருது? எந்த வருடம்? அந்தத் தோட்டம் இன்றைக்கு எப்படி இருக்கிறது? பல விருதுகளுக்கு வரைபடத்தையும் வேலை முடிந்த வாரத்தில் எடுத்த படத்தையும் அனுப்பினால் போதும், யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. எங்களிடம் காட்டிய ஒன்பதில் இரண்டு, பணம் கட்டி விண்ணப்பிக்கிற வகை என்று பிறகு தெரிந்தது. இன்னொன்று அந்த நிறுவனத் தலைவர் வேறொரு அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. எல்லாம் முடிந்து, ஆத்திரத்தில் ஒரு நாள் ஆட்டோ பிடித்துப்போய் அந்தப் புத்தகத்தின் அட்டைப்படத் தோட்டத்தையே பார்த்துவிட்டு வந்தேன். பாதி இடத்தில் பைக் நிறுத்தியிருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் முடித்த தோட்டம் இரண்டின் முகவரி கேளுங்கள், நீங்களாகவே போங்கள், அங்கே தண்ணீர் ஊற்றுகிறவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். இதற்கு ஆட்டோ காசு மட்டும்தான் செலவு.

இன்னொரு விஷயம். 'ஆர்க்கிடெக்ட்' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. 1972-ம் வருடச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் போட்டுக்கொள்ளலாம் ('லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்கிறவருக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு), கவுன்சில் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். எங்கள் ஆளுக்குப் பதிவு இருந்தது. அதோடு நான் நிம்மதியாகிவிட்டேன். வரைகிறவர் ஒருவர், செய்கிறவர் இன்னொருவர் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வேலை நடந்த நான்கு மாதத்தில் அந்த ஆர்க்கிடெக்ட் தளத்துக்கு வந்தது மூன்றே முறை. மற்ற நாளெல்லாம் சப் கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி. மாதத்துக்கு எத்தனை முறை ஆர்க்கிடெக்ட் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

கணினியில் வரைந்து காட்டிய படத்தில் பச்சைப்பசேல் என்று கொரியன் புல், ஓரமாக ஃபாக்ஸ்டெயில் பனை, காம்பவுண்டு சுவரை ஒட்டி அறுபது கோனோகார்ப்பஸ் மரம். நுழைவாயிலில் இரண்டு குல்மோகர் இருந்தது, அதை மட்டும் வேண்டாம் என்றேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது நான் பெசன்ட் நகரில் இருந்தேன். தெருவுக்குத் தெரு குல்மோகரும் இயல்வாகையும் வேரோடு சாய்ந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள். இந்தத் திட்டத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். புல்லுக்குத் தண்ணீர் எவ்வளவு ஆகும் என்று கேட்கவே இல்லை. கோடையில் நம் ஊர் வெயிலுக்கு ஒரு சதுர மீட்டர் புல்வெளிக்கு நாளைக்கு ஐந்தாறு லிட்டர் வேண்டும். நாலாயிரம் சதுர அடிக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் ஆறு நாளில் காலி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. எஸ்டிபி தண்ணீரை, அதாவது கழிவுநீரைச் சுத்திகரித்து வருகிற தண்ணீரை விட்டோம், அதுவும் உப்புதான், புல் மஞ்சள் பாரித்தது. வீட்டுக்குக் குடிக்கக் காசு கொடுத்து வாங்குகிற லாரித் தண்ணீரைப் புல்லுக்கும் ஊற்றினோம். கொட்டேஷனோடு கூடவே 'இந்தத் தோட்டத்துக்கு ஏப்ரல், மே மாதத்தில் நாளைக்கு எத்தனை லிட்டர்' என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

அடுத்தது கனம். கட்டடத்தின் மேல் தோட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். ஒரு கன மீட்டர் ஈரமண் ஏறக்குறைய 1,800 கிலோ. ஒன்றரை அடி உயரத்துக்கு மண் போட்டால் ஒரு சதுர மீட்டரில் 800 கிலோவுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். எங்கள் தளம் தீயணைப்பு வண்டி ஏற வேண்டும் என்பதற்காகக் கனமாகப் போடப்பட்டது, அதனால் தப்பித்தோம். ஆனால் அதை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து சொன்னது மண் போட்டு ஒன்றரை வருடம் கழித்து. மண் போடுவதற்கு முன்னால் தளத்தில் தண்ணீரைத் தேக்கி 48 மணி நேரம் வைத்து, கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பாண்டிங் டெஸ்ட் என்பார்கள். "பண்ணியாச்சு மேடம்" என்றார்கள். எந்தத் தேதியில், யார் பார்த்தது, போட்டோ எங்கே என்று நான் கேட்கவில்லை. வாட்டர்ப்ரூஃபிங், அதன்மேல் வேர்த் தடுப்பு ஷீட், அதன்மேல் தண்ணீர் வடிய டிரெயின் செல், அதன்மேல் மண்ணைத் தடுக்கிற துணி, பிறகுதான் மண். ஒவ்வொன்றுக்கும் சதுர அடிக் கணக்கில் காசு வாங்கினார்கள். மண் போட்டு மூடிய பிறகு அடியில் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் சங்கத்து ஆள் ஒருவர் நேரில் பார்த்து, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து, அப்புறம்தான் அடுத்த அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. 'உங்கள் பெயரிலேயே அங்கே ஐம்பது கன்று இலவசமாக நட்டுத் தருகிறோம்' என்றார் நிறுவனத் தலைவர். எனக்கு ஒரே பெருமை. 2022 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள், ஞாயிற்றுக்கிழமை. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கவே இன்னும் ஒரு வாரம் இருந்தது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூட்டி வந்து, ஆளுக்கொரு தொப்பி மாட்டிவிட்டு, பேனர் பிடித்து, படம் எடுத்தார்கள். நானும் ஒரு கன்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. பதினொரு மணிக்கு எல்லோரும் சமோசா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தொப்பிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கூண்டு இல்லை, ஊன்றுகோல் இல்லை, தண்ணீர் ஊற்ற யாருக்கும் சொல்லவில்லை. பள்ளி திறந்த வாரம் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க ஆளுங்க வந்து குழி தோண்டிட்டுப் போயிருக்காங்க மேடம், பசங்க தடுக்கி விழறாங்க" என்றார். ஆடு மேய்ந்தது போக, காய்ந்தது போக, 14 கன்றுதான் உயிரோடு இருந்தது. அடுத்த வருடம் அந்த நிறுவனத்தின் புதிய புத்தகத்தில் அதே ஜூன் 5 படம், ஒரு முழுப் பக்கத்துக்கு. நடுவில் நான், பல்லெல்லாம் தெரிய.

எங்கள் தோட்டம் 2022 ஆகஸ்டு 15-ம் தேதி திறப்பு விழா கண்டது. கொடியேற்றிவிட்டு ரிப்பன் வெட்டினோம். அவ்வளவு அழகு. ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கம் கடியம் என்று நர்சரிகளுக்குப் பேர் போன ஊர், அங்கிருந்து லாரியில் மூன்று வாரம் முன்னால்தான் செடிகள் வந்து இறங்கியிருந்தன. கல்யாண வீட்டு வாசலில் கட்டிய வாழைமரமும் முகூர்த்தத்தன்று குலையும் தாருமாகப் பச்சையாகத்தானே நிற்கும்? நான் அதைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே கடைசித் தவணையை விடுவித்தேன். 'வேலை திருப்திகரமாக முடிந்தது' என்று லெட்டர்பேடில் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் போட்ட கையெழுத்திலேயே மோசமானது அதுதான்.

தீபாவளிக்குள் செடிகள் கருக ஆரம்பித்தன. எங்கள் தோட்டக்காரர் செஞ்சிப் பக்கத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு, காய்ந்த ஒரு மந்தாரைச் செடியைப் பிடித்து இழுத்தார். கத்தரிக்காய் பறிப்பது போலக் கையோடு வந்தது. அடியில் கறுப்புப் பாலித்தீன் பை அப்படியே இருந்தது. பையைக் கிழிக்காமல், பையோடு புதைத்திருக்கிறார்கள். வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றி, தலைவாரிய சீப்பில் சிக்கின முடி மாதிரி. "இது மண்ணும் இல்லம்மா, கட்டட ரப்பீஷ்மேல நாலு விரக்கடை செம்மண்ணைத் தூவியிருக்காங்க" என்றார். நாங்கள் இருவருமாக அன்று 38 செடியைப் பிடுங்கிப் பார்த்தோம், 21-ல் பை இருந்தது. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: நடுகிற அன்று பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள், கழற்றிய பைகளை ஒரு மூட்டையாகக் கட்டித் தரச் சொல்லி எண்ணுங்கள். செடிக்கு ஒரு பை.

பை விஷயம் தெரிந்ததும் எண்ணிக்கையிலும் சந்தேகம் வந்தது. பில்லில் 1,200 செடி. மறுநாள் விடிகாலை ஐந்தரைக்குக் கோலமாவுக் கிண்ணத்தோடு இறங்கினேன். எண்ணிய ஒவ்வொரு செடியடியிலும் ஒரு புள்ளி. வாக்கிங் போனவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். காய்ந்தது, பிடுங்கியது எல்லாம் சேர்த்து 864. போன் செய்தேன், எடுக்கவில்லை. மெயில் அனுப்பினேன். "பராமரிப்புக் குறைவால் இழப்பு" என்று ஒரு வரி பதில் வந்தது. ஒப்பந்தத்தில் செடி மாற்றித் தரும் பொறுப்பு 90 நாள் என்று இருந்தது, 90 நாள் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஒரு முழுக் கோடையும் ஒரு முழு மழைக்காலமும் தாண்டாத உத்தரவாதம் நம் ஊருக்கு எதற்கும் உதவாது. ஒரு வருடம் கேளுங்கள். அதுவரை பில்லில் பத்து சதவீதத்தைப் பிடித்து வையுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பெரும்பாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் எப்படி மிதந்தது என்று எல்லோரும் பார்த்தீர்கள். எங்கள் கார் தளத்துக்குள் கீழேயிருந்து ஏறிய தண்ணீர் மூன்றாம் நாள் வடிந்துவிட்டது. மேலேயிருந்து சொட்டியது நிற்கவே இல்லை. மழை விட்டு இரண்டு வாரம் ஆகியும் கூரையிலிருந்து சுண்ணாம்பு கலந்த தண்ணீர் சொட்டிச் சொட்டி, மேடான இடத்தில் தப்பி நின்ற பதினொரு கார் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. துடைத்தால் பெயின்ட்டோடு வந்தது. "ஆன்ட்டி, பாலிஷுக்கு யார் காசு கொடுப்பா?" என்று மூன்றாம் மாடிப் பையன் லிஃப்டுக்குள் வைத்துக் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். நான் வீட்டுக்கு வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. குழுவில் அதற்குள் 'கமிஷன்' என்ற வார்த்தையை ஒருவர் போட்டுவிட்டார். வங்கியில் ஒரு நாள், ஒரு பைசா என் மேல் பேச்சு வந்ததில்லை.

பொங்கல் முடிந்து மூன்று இடத்தில் தோண்டினோம். ஓர் இடத்தில் மட்டும் டிரெயின் செல் இருந்தது. மற்ற இரண்டிலும் தளத்தின் மேல் நேராக ரப்பீஷ், அதன்மேல் மண். தண்ணீர் போக வழியில்லாமல் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தனை மண்ணையும் அள்ளி ஓரம் போட்டு, வாட்டர்ப்ரூஃபிங்கைச் சரிசெய்து, அடுக்குகளைப் புதிதாகப் போட 7 லட்சத்து 80 ஆயிரம். இந்த முறை பாண்டிங் டெஸ்டுக்கு இரண்டு இரவும் நானே கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்ல மண்ணுக்கும் செடிக்கும் 2 லட்சத்து 90 ஆயிரம். கார்களுக்கு 66 ஆயிரம். மிச்சம் 85 ஆயிரம் கோனோகார்ப்பஸ் வைத்த செலவு. அதன் வேர் மழைநீர்க் குழாய்க்குள் புகுந்து அடைத்திருந்தது. குஜராத் அரசு 2023-லேயே அந்த மரத்துக்குத் தடை போட்டுவிட்டது, தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் போட்டது. நாங்கள் அறுபதையும் அதற்கு ஐந்து மாதம் முன்னாலேயே வெட்டிவிட்டோம். வாட்ஸப்பில் அந்த அரசாணைச் செய்தியை நான் எதுவும் எழுதாமல் போட்டேன், ஒரு கட்டைவிரல் வந்தது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று வக்கீலைப் பார்த்தது 2024 செப்டம்பரில். அவர் தேதிகளைக் கேட்டார், பேனாவை மூடி வைத்தார். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். "உங்க கையில 2022 ஆகஸ்டு பில் இருக்கு, செடி எண்ணிக்கைய அன்னைக்கே எண்ணியிருக்கலாமேன்னு கேப்பாங்க. நவம்பர்ல எண்ணினேன்னு சொல்ல சாட்சி உங்க கோலமாவுதான். கசிவுக்கு வேணும்னா வாதாடிப் பாக்கலாம், ஆனா நீங்களே திருப்தின்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களேம்மா" என்றார். கன்சல்டிங் பீஸ் வாங்க மறுத்துவிட்டார், பாவம். போனில் கெஞ்சிக்கொண்டு இருந்த நாட்களில் ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருந்தாலே கையில் ஒரு காகிதம் இருந்திருக்கும். உங்களுக்கு இப்படி நடந்தால் கெஞ்சுவதும் எழுதுவதும் ஒரே நாளில் தொடங்கட்டும்.

எல்லா நிறுவனமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு தோழி என்னைத் தொல்காப்பியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். அடையாறு உப்பங்கழி ஓரத்தில் 58 ஏக்கர், ஒரு காலத்தில் குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த இடம். ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழு அதை மீட்டெடுக்கும் வேலையைச் செய்தது, 2011-ல் திறந்தார்கள். நம் கடற்கரைக்கே உரிய மரங்கள், அலையாத்தி, நண்டு, பறவை. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய்க் காட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்து பன்னிரண்டு வருடம் கழித்து நான் பார்க்கிறேன், மரம் தலைக்கு மேலே நிற்கிறது. எங்கள் நாலாயிரம் சதுர அடிக்கும் அதற்கும் ஒப்பீடே கிடையாதுதான். ஆனால் திரும்பி வரும் வழியில் கொரியன் புல்லை முக்கால்வாசி எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது நொச்சி, மல்லிகை, நந்தியாவட்டை, கொஞ்சம் வெட்டிவேர். தண்ணீர்ச் செலவு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. படம் எடுத்தால் சுமாராகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூடத்தை மட்டும் என்னால் அப்படியே விட முடியவில்லை. 'உங்க ஆளுங்க' என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. மிஞ்சின 14 கன்றுக்கும் என் கைக்காசில் கூண்டு போட்டேன். தோட்டக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார், காசு கொடுத்தால் வாங்க மாட்டார், டீ மட்டும். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பாடு முடிந்து கை கழுவுகிற தண்ணீர் மரத்தடிக்குப் போகிற மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார், அதற்கப்புறம் யாரும் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. 11 பிழைத்தது. ஏழு புங்கன், நாலு பூவரசு. போன மாதம் தலைமை ஆசிரியை மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார். புகார்தான். "பூவரச இலைய எல்லாம் பறிச்சுப் பீப்பி செஞ்சு ஊதுறாங்க மேடம், கிளாஸ்ல பாடமே நடத்த முடியல. கூண்ட இன்னும் கொஞ்சம் ஒசரமாப் போட முடியுமா?"